ஐந்து கல்லூரிக்கு மூன்று வாய்தா

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் என் மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு புதுக் காரோடு வந்து இறங்கினார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறார். எந்த எந்திரம் வாங்கினாலும் அதை மாமனாருக்குக் காட்டிவிட வேண்டும் அவருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீட்டுச் சந்துக்குள் அவ்வளவு அகலமான வண்டி நுழையாது. கோயில் மதிலோரம் நிறுத்திவிட்டு, "மாமா, செத்த நேரம் உள்ள உக்காந்து பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். இருக்கையின் பாலிதீன் உறையை இன்னும் கழற்றவில்லை. முன்கண்ணாடியில் தொங்கிய சின்னப் புட்டியிலிருந்து இந்த ஊரில் பூக்காத ஏதோ ஒரு பூவின் வாசனை வந்துகொண்டிருந்தது.

"எப்படித் தாத்தா இருக்கு?" என்றாள் பின்சீட்டிலிருந்து பேத்தி தர்ஷினி.

"பல் டாக்டர் கிளினிக் மாதிரி இருக்கு" என்றேன்.

தர்ஷினி பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அவளை அழைத்துக்கொண்டு கல்லூரி பார்க்கப் போகிறார்கள். மூன்று நாள், நான்கு ஊர், ஆறு கல்லூரி. மருமகன் கைப்பேசியை நீட்டினார். வரைபடத்தில் ஒரு நீலக் கோடு மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று வளைந்து வளைந்து போனது. எந்த ஊரில் சாப்பாடு, எந்த ஊரில் படுக்கை, எல்லாம் முடிவாகியிருந்தது. "எவ்வளவு நேரம் ஆச்சு இதைப் போட?" என்று கேட்டேன். "கால் மணி நேரம் மாமா. சாயந்தரம் டீ குடிச்சுக்கிட்டே போட்டேன்."

கால் மணி நேரம். நான் இதே வேலையைச் செய்ய இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டேன்.

இது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய சங்கதி. அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் சிரஸ்தார். அலுவலகம் முழுவதற்கும் தலைமை எழுத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல்கள் கொண்டுவரும் பிராதுகளைப் பிரித்து, எங்கே கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, எங்கே பக்க எண் தவறியிருக்கிறது என்று பார்த்து, "குறைகளைச் சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்க" என்று எழுதித் திருப்பியனுப்புவது என் வேலை. முப்பத்து நான்கு வருடம் செய்தேன். குறை இல்லாத ஒரு காகிதத்தை நான் பார்த்ததே கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த இரண்டரை மாதமும் என் மனைவி கோமதி, இடது மார்பில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு, நான் நாள் குறிப்பதற்காகக் காத்திருந்தாள். எனக்குத் தெரியாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்துச் சொன்னால் சுவையாக இருக்கும் என்பார்கள். ஆனால் முக்கியமான சங்கதியைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கும் பிராதை நான் என்றைக்கும் ஏற்றுக்கொண்டதில்லை.

கோமதிக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். பள்ளி இறுதித் தேர்வில் அவள்தான் பள்ளிக்கூடத்தில் முதல். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. சேர்ப்பதற்கு அவள் அப்பா விண்ணப்பம்கூட வாங்கி வந்துவிட்டார். அந்த வாரத்தில்தான் நான் பெண் பார்க்கப் போனேன். கோர்ட்டு உத்தியோகம், ஒரே பையன், பி.ஏ. வரலாறு. விண்ணப்பத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று என் அம்மா வாக்குக் கொடுத்ததாகக் கோமதி சொல்வாள். என் அம்மா அப்படியொன்றும் சொன்னதாக நினைவில்லை என்பார். எழுத்தில் இல்லாத வாக்கு செல்லாது என்று நான் சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வேன். கோமதியும் சிரிப்பாள். அவள் சிரித்தாள் என்பதை மட்டும்தான் அன்று நான் பதிவு செய்துகொண்டேன்.

எங்களுக்கு ஒரே பெண், உமா. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வரும் என்று எதிர்பார்த்தோம். பி.எஸ்சி. கணிதம் படிக்க வேண்டும் என்றாள். "சேர்க்கறதுக்கு முன்னால காலேஜை ஒருதடவை நேர்ல பாத்துட்டா என்ன?" என்று முதலில் கேட்டது கோமதிதான். அந்தக் காலத்தில் யாரும் கல்லூரியைப் போய்ப் பார்ப்பதில்லை. விண்ணப்பம் போட்டு, இடம் கிடைத்த இடத்தில் பெட்டியை இறக்குவார்கள். எனக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. நேராய்வு. நீதிமன்றத்தில்கூட ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்த்துவரச் செய்வதுண்டு அல்லவா?

திட்டம் தயாரித்தேன். அலுவலகத் தட்டச்சுப் பொறியில், மதிய இடைவேளையில், கார்பன் வைத்து மூன்று படிகள். தலைப்புகள் நான்கு. ஒன்று: பயணத்தின் நோக்கம். இரண்டு: பார்வையிட வேண்டிய கல்லூரிகள். சிவகாசி, விருதுநகர், மதுரை, கோவில்பட்டி, பாளையங்கோட்டை என ஊருக்கு ஒன்றாக ஐந்து. மூன்று: சரிபார்க்க வேண்டியவை. அதில் மட்டும் இருபத்திரண்டு இனம். பல்கலைக்கழக அங்கீகாரம், விடுதிக் கழிவறை எண்ணிக்கை, குடிநீர், சுற்றுச்சுவரின் உயரம். நான்கு: பயணம் செய்வோர்.

கோமதி அடுப்படியில் நின்று அதை வாசித்தாள். கையில் மாவு. காகிதத்தின் ஓரத்தில் வெள்ளையாக விரல் பதிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. என் பேரே காணோம்?"

பயணம் செய்வோர் என்ற தலைப்பின் கீழ் நான், உமா, வண்டி ஓட்டக் கோமதியின் தம்பி சங்கரன். இவ்வளவுதான் போட்டிருந்தேன்.

"நீ எதுக்கு? வீட்டை யார் பாத்துக்கறது?"

"வீடு எங்கயும் போயிராது. நானும் வாரேன்."

"வெயில்ல அலையணுமே."

"அலைதேன்."

பேனாவை எடுத்து அவள் பெயரை எழுதிச் சேர்த்தேன். பக்கத்தில் திருத்தம் என்று போட்டுச் சுருக்கொப்பமும் இட்டேன். மூன்று படியிலும்.

முதல் தேதி, ஏப்ரல் முதல் வாரம். உமாவுக்குத் தேர்வு முடிந்திருந்தது. ஆனால் அந்த வாரம் நீதிமன்றத்தில் ஆண்டு ஆய்வு என்று தகவல் வந்தது. சிரஸ்தார் இல்லாமல் ஆய்வா? நான் ஒரு நாள் இல்லாவிட்டால் கட்டிடமே சாய்ந்துவிடும் என்று நம்பிய காலம் அது. ஒத்திவைத்தேன். இன்று அந்தக் கட்டிடம் நான் இல்லாமல் நன்றாகத்தான் நிற்கிறது. போன மாதம்கூட வெள்ளையடித்தார்கள்.

இரண்டாவது தேதி, மே மாதம், கோடை விடுமுறை. இந்த முறை நானே யோசித்து நிறுத்தினேன். மார்க் தெரியாமல் போய் எந்த முகத்தோடு விசாரிப்பது? தேர்வு முடிவு வரட்டும். முடிவு வந்தது, நல்ல மார்க்கும் வந்தது. ஐந்து கல்லூரிக்கும் பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பினேன். ஐந்திலும் இடம் உண்டு, இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று பதில் வந்தது. மூன்றாவது தேதியும் குறித்தேன்.

முந்தின நாள் சங்கரன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி போடுகிறவன் அவன். நான்கைந்து தறி, ஒரு பழைய ஆம்னி வேன். வேனுக்குள் எப்போதும் காஸ் துணிச் சுருள்கள் கிடக்கும். கதவைத் திறந்தால் வெளுப்புக்காரம் கண்ணைக் கரிக்கும். நான் வழக்கம்போல வண்டியின் காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். காப்பீடு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"அத்தான், ரெண்டு நாளைக்குத்தானே? போயிட்டு வந்து கட்டிக்கிடலாம்."

"ஏலே, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில சிரஸ்தார் போனான்னு நாளைக்குப் பேப்பர்ல வரணுமா?"

"ஒங்க பேரு பேப்பர்ல வாரதுக்கு வேற வழியே இல்லையே அத்தான்" என்றான். கோமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பம் இதுவும் வாய்தாவா?" என்றாள்.

எங்கள் ஊரில் வாய்தா தெரியாத வீடு கிடையாது. வழக்கைத் தள்ளிவைத்து அடுத்த தேதி கொடுப்பது. நிலத்தகராறு வைத்திருப்பவர்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளைக்கூட வாய்தா பார்த்துத்தான் குறிப்பார்கள். வாய்தா கேட்டு வரும் வக்கீல் ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். நியாயமான காரணங்களாலேயே தாத்தா போட்ட வழக்கைப் பேரன் நடத்துகிறான். இதை நான் பல பேரிடம் கிண்டலாகச் சொல்லியிருக்கிறேன். என் மூன்று காரணங்களும் நியாயமானவைதான். இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் ஜூன் முதல் வாரம் கிளம்பினோம். காலை ஐந்தரைக்கு. சங்கரன் சுருள்களை இறக்கிவிட்டுப் பின்சீட்டை மாட்டியிருந்தான். வெளுப்பு வாசனையை மட்டும் இறக்க முடியவில்லை. கோமதி சன்னலோரம் உட்கார்ந்தாள். கல்யாண வீட்டுக்கு உடுத்தும் நீலப் பட்டு. "காலேஜுக்கு யாராவது பட்டுச் சேலை கட்டுவாகளா?" என்று உமா முகத்தைச் சுளித்தாள். "எனக்கு எது தெரியும்? நான் போயிருக்கனா?" என்றாள் கோமதி. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். மடியில் இருந்த சாப்பாட்டுத் தூக்கு சாயாமலிருக்க அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

சிவகாசிக் கல்லூரியில் நான் நேராக அலுவலகத்துக்குப் போய், அங்கீகார ஆணை எந்த ஆண்டு வரைக்கும் செல்லும் என்று கேட்டேன். எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். "சார் ஆடிட்டா?" என்று கேட்டார். இல்லை, பெண்ணின் தகப்பன் என்றதும் உட்கார்ந்துகொண்டார். பிறகு என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெளியே வந்தால் கோமதியைக் காணவில்லை. மாடியில் ஒரு காலி வகுப்பில், மூன்றாவது வரிசைப் பெஞ்சில், கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன செய்தே இங்க?"

"சும்மா. இங்கனருந்து போர்டு நல்லாத் தெரியுது."

விருதுநகரில் நூலகம் பார்த்தோம். நூலகர் ஒரு வயதான அம்மாள். கோமதி அவரிடம், "ஒரு பிள்ளைக்கு எத்தனை புஸ்தகம் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"மூணும்மா."

"மூணையும் படிச்சு முடிச்சுட்டா?"

"திருப்பிக் குடுத்துட்டு வேற மூணு எடுத்துக்கலாம்."

"அப்பம் இம்புட்டையும் படிச்சுரலாம்னு சொல்லுங்க."

நூலகர் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் யாரும் அப்படிப் படிக்கலம்மா." உமா, "யம்மா, வா போவோம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இடது கை. கோமதி "ஸ்" என்று மூச்சை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வளையல் அழுத்தியிருக்கும் என்று நினைத்தேன். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துவிடும் மூளை எனக்கு.

மதுரைக்கு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பழைய பெண்கள் கல்லூரி. உள்ளே ஒரே மரங்கள். கோமதியின் அப்பா ஒரு காலத்தில் விண்ணப்பம் வாங்கிவந்தது இங்கிருந்துதான். இதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. வாசலில் சங்கரனும் நானும் வண்டியை எங்கே நிறுத்துவது என்று காவலாளியோடு வாதாடிக்கொண்டிருந்தபோதே தாயும் மகளும் உள்ளே போய்விட்டார்கள். எங்களைக் காவலாளி விடவில்லை. விடுதியைப் பார்க்கத் தாய்க்கு மட்டும்தான் அனுமதி, தகப்பனுக்கு வேப்பமரம் என்றார். நல்ல விதிதான். ஒன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றேன். நிமிடத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அக்காவ விடுங்க அத்தான்" என்றான் சங்கரன். "சின்னப்பிள்ளையில இந்தக் காலேஜு பேரை நோட்டு அட்டையில எழுதி வச்சிருப்பா. நான் அதுல காத்தாடி செஞ்சு விட்டேன்னு என்னைய அடிச்சிருக்கா."

வெளியே வந்தபோது கோமதியின் முகம் வேர்த்திருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது. உமா தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். நான் இருபத்திரண்டு இனப் பட்டியலை எடுத்தேன். விடுதியில் கழிவறை எத்தனை?

"எண்ணலையே."

"தண்ணி எங்கருந்து வருது?"

"கேக்கலையே."

"பின்ன ஒன்றரை மணி நேரம் என்னத்தப் பாத்துட்டு வந்தே?"

"பாத்தேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு தங்கிய லாட்ஜில் சாப்பிடும்போதுகூட அவளோடு பேசவில்லை.

மறுநாள் கோவில்பட்டியில் அவள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. எனக்குப் பாக்க வேண்டியது முடிஞ்சுது" என்றாள். பாளையங்கோட்டைக் கல்லூரி உமாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கணக்குத் துறையில் ஒரு பேராசிரியை அவளோடு அரைமணி நேரம் பேசினார். என் பட்டியலிலும் அந்தக் கல்லூரிக்கு இருபத்திரண்டுக்கு இருபது. முடிவு எடுத்தாயிற்று என்றேன். தென்காசி வழியாக ஊர் திரும்பினோம்.

புளியங்குடியில் டீ குடிக்க நிறுத்தினோம். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். அங்கே எலுமிச்சை மலிவு என்று சங்கரன் உமாவைக் கூட்டிக்கொண்டு கமிஷன் கடைப் பக்கம் போனான். வண்டியின் நிழலில் நானும் கோமதியும் மட்டும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு இங்கன ஒரு கட்டி இருக்கு. மொதல்ல சுண்டைக்கா கணக்கா இருந்துச்சு. இப்பம் பெருசாயிருச்சு. கையத் தூக்க முடியல."

"எப்பருந்து?"

"பங்குனிப் பொங்கலுக்கு முந்தியே."

"ஏட்டி, அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா அஞ்சு ஊருக்குப் போற வண்டி ஒரே ஊருக்குப் போயிரும். நீங்க சீட்டு எழுதி, டெஸ்ட் எடுத்து, எல்லாத்தையும் முறையாச் செய்வீங்க. எனக்குத் தெரியும். காலேஜு பாக்கறது அம்புட்டுத்தான்னு ஆயிரும். அதான், பாத்துட்டுப் பொறவு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். பத்து நாள்ல போயிருவோம்னு நெனச்சேன். நீங்கதான் வாய்தா மேல வாய்தா வாங்கிட்டீங்க."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். சங்கரன் ஒரு பை நிறைய எலுமிச்சையோடு வந்து, "அக்கா, ஊறுகா போடு" என்று அவள் மடியில் வைத்தான். சேத்தூர் தாண்டும்வரை அவள் அந்தப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அழுகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரமே மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தேன். அவள் சொன்னபடியே எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். பரிசோதனை அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோத்து, பக்க எண் போட்டு, மேலே அட்டவணை ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்து நர்சுகள் ஆச்சரியப்பட்டார்கள். அறுவை முடிந்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது நெஞ்சைச் சுற்றிக் காஸ் துணி. அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் அதற்குள்ளேயே உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறேன். பார்க்க வந்த சங்கரன் கட்டைத் தொட்டுப் பார்த்தான். "நம்ம ஊருத் துணிதான் அத்தான்" என்றவன், சொல்லிவிட்டு வெளியே ஓடினான். வராந்தாவில் அவன் அழுவது வார்டுக்குள் கேட்டது. கோமதிதான், "ஏலே சங்கரா, உள்ள வால. பக்கத்துல தூங்குதாக" என்று அதட்டினாள்.

பெண் டாக்டர். கண்டிப்பானவர். முன்னாடியே வந்திருந்தால் என்று தொடங்கினேன்.

"உங்க மனைவி எப்ப கவனிச்சாங்க?"

"மார்ச்சுல."

"நீங்க எப்ப கூட்டிட்டு வந்தீங்க?"

"ஜூன்ல."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "இப்ப அதைப் பேசி என்ன சார் ஆகப்போகுது" என்றார். தீர்ப்பைத் திறந்த மன்றத்தில் வாசிக்க வேண்டும் என்பது விதி. அந்த அம்மாள் வாசிக்கவில்லை. அதனால் எனக்கு எவ்வளவு தண்டனை என்று இன்றுவரை தெரியாது. இரண்டரை மாதத்தில் எதுவும் மாறியிருக்காது என்று சில நாள் தோன்றும். அப்படித் தோன்றும் நாள்களில் என்னையே எனக்குப் பிடிப்பதில்லை.

உமா பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. மதுரையில் சேர்ந்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். எந்தக் கல்லூரி என்பதைக் கடைசியில் அந்த ஒரு இனம்தான் தீர்மானித்தது. அது என் பட்டியலிலேயே கிடையாது. உமா இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, தை மாதத்தில், கோமதி போய்விட்டாள். நாற்பத்திரண்டு வயது.

அதன்பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு தகப்பனும் மகளும் கால் நூற்றாண்டு ஒரு விஷயத்தைப் பேசாமல் இருப்பது கடினமல்ல. பேசுவதற்கு ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று எவ்வளவோ இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, காரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் நான் வாயை அடக்க முடியாமல், முதல் பட்டதாரிச் சான்று உமாவே பட்டதாரி என்பதால் தர்ஷினிக்குக் கிடைக்காது, இருப்பிடச் சான்றுக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டால் நல்லது, அது வந்தபிறகு கிளம்பினால் என்ன என்று ஆரம்பித்தேன்.

"யப்பா" என்றாள் உமா. "வாய்தா மட்டும் வாங்காதீங்க."

மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. தர்ஷினி சூழலை மாற்ற நினைத்தாளோ என்னவோ, "மதுரையில அம்மா படிச்ச காலேஜையும் லிஸ்டுல சேத்துக்கோங்கன்னா அம்மா மாட்டேங்குறா தாத்தா. ஏன்னு கேட்டாச் சொல்லவும் மாட்டேங்குறா" என்றாள்.

உமா எழுந்து அடுப்படிக்குப் போனாள். செத்த நேரம் கழித்து நானும் போனேன். அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு அந்தக் காலேஜு கேட்டுல ஒரு நோட்டு வச்சிருந்தாங்கப்பா. வாரவங்க பேரு எழுதுற நோட்டு. நீங்களும் மாமாவும் வாட்ச்மேன்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தீங்க. அம்மாதான் எழுதுனா. எஸ். கோமதின்னு."

எஸ் என்பது அவள் அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு அவள் எல்லா இடத்திலும் என் எழுத்தைத்தான் போட்டாள்.

"வந்த நோக்கம்னு ஒரு கட்டம். அதுல 'படிக்க'ன்னு எழுதுனா. எனக்குப் பின்னால ரெண்டு பிள்ளைங்க நின்னு பாத்துச் சிரிச்சாங்க. எனக்குக் கேவலமாப் போச்சு. அம்மா கையிலருந்து பேனாவைப் பிடுங்கி, அதை அடிச்சுட்டு, அட்மிஷன் விசாரணைன்னு எழுதுனேன். அம்மா கோவப்படல. சரித்தா, நீ எழுதுனதுதான் சரின்னா."

அவள் தோள் குலுங்கியது. என் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"ஒத்தைக் கோடா? கிறுக்கிட்டியா?"

உமா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒத்தைக் கோடுதான்ப்பா" என்றாள்.

பதிவேட்டில் திருத்தம் செய்தால் ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், அடித்தது கீழே படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் அவள் எழுதியது அங்கே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கிடைக்காது என்று தெரியும். வருகைப் பதிவேட்டை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எங்கள் நீதிமன்றத்திலேயே காலம் கடந்த கட்டுகளை அழிக்க வருடாவருடம் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டவன் நான். நாலாகக் கிழித்து மூட்டை கட்டி எடைக்குப் போடுவார்கள். அந்த மூட்டைகளுக்குள் யார் என்ன எழுதியிருந்தார்கள் என்று ஒருநாளும் பிரித்துப் பார்த்தவனில்லை.

கல்லூரி வாசலில் வேப்பமரம் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த காவல் அறை. சீருடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய வருகைப் பதிவேடு பார்க்க வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

"அம்புட்டுப் பழசா? நாலு வருஷத்துக்கு முன்னாடி உள்ள நோட்டே இங்க கிடையாதுய்யா. எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சு. நோட்டுப் போடுறதையே நிப்பாட்டிட்டாங்க."

ஆபீசில் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். கேளுங்க, ஆனா உள்ள போறதுக்குப் பதியணும் என்றாள். என் கைப்பேசி எண்ணைக் கேட்டாள். அதற்கு ஒரு நான்கு இலக்கம் வந்தது, அதையும் சொன்னேன். முகத்தைப் படம் பிடித்தாள். பிறகு கையிலிருந்த டேப்லெட்டை என் பக்கம் திருப்பி நீட்டினாள். வந்த நோக்கம் என்று மேலே இருந்தது. கீழே நான்கு கட்டங்கள்: அட்மிஷன், ஃபீஸ், ஹாஸ்டல், மற்றவை.

எழுதுவதற்கு இடம் எங்கே என்று கேட்டேன்.

"எழுத வேண்டாம்யா" என்றாள் அந்தப் பெண். "ஏதாவது ஒண்ணத் தொட்டாப் போதும்."